இறக்கை இருக்கிறது, எஞ்சின் இல்லை: விமான எஞ்சின் குத்தகைச் சந்தையில் யாருடைய பணம் கரைகிறது?

விமானம் தாமதமானால் இலங்கையில் நாம் முதலில் திட்டுவது ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் முகாமைத்துவத்தைத்தான். 2023இல் அந்த நிறுவனத்தின் ஏ320 நியோ குடும்பத்தைச் சேர்ந்த சில விமானங்கள் எஞ்சின் இல்லாமல் தரையில் நின்றபோதும் அதுவே நடந்தது. ‘எஞ்சின் கிடைக்கவில்லை’ என்ற விளக்கம் பலருக்குச் சாக்குப்போக்காகவே கேட்டது. நட்டத்தில் ஓடும் அரச நிறுவனம், அரசியல் நியமனங்கள், ஊழல் வழக்குகள் என்ற பழைய கதையோடு அந்தச் செய்தியும் சேர்ந்துகொண்டது.

அந்தப் பழைய கதையில் உண்மை உண்டு. ஆனால் எஞ்சின் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. அதன் காரணத்தைத் தேடி நான் வாசிக்கத் தொடங்கியபோது கண்டது கட்டுநாயக்கவை விடப் பெரிய ஒரு சந்தையை. இந்தியாவில், ஐரோப்பாவில், அமெரிக்காவில் புதிய விமானங்கள் நூற்றுக்கணக்கில் இதே காரணத்தால் நிறுத்தப்பட்டிருந்தன. அதே காலத்தில் எஞ்சின்களை வாங்கி வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்கு நல்ல காலம் பிறந்திருந்தது.

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டாவும் ஒலிவர் வைமன் ஆலோசனை நிறுவனமும் 2025 ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, விநியோகச் சங்கிலிச் சிக்கல்களால் அந்த ஆண்டில் மட்டும் விமான நிறுவனங்களுக்கு 11 பில்லியன் டொலருக்கு மேல் மேலதிகச் செலவு ஏற்படும் என்று மதிப்பிட்டது. அதில் எஞ்சின் குத்தகைக்காகக் கூடுதலாகச் செலுத்த வேண்டியது மட்டும் ஏறத்தாழ 2.6 பில்லியன் டொலர். இந்தப் பணம் எங்கிருந்து எங்கே போகிறது, இலங்கை போன்ற ஒரு நாட்டுக்கு அதில் என்ன இடம் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

விமானம் ஒருவருடையது, எஞ்சின் இன்னொருவருடையது

நாம் ஏறிப் பறக்கும் விமானம் அதன் வாலில் பெயர் எழுதியிருக்கும் நிறுவனத்துக்குச் சொந்தமானது என்று நினைப்பது இயல்பு. இன்று உலகில் பறக்கும் பயணிகள் விமானங்களில் ஏறத்தாழ அரைவாசி குத்தகைக்கு எடுக்கப்பட்டவை. இந்தத் தொழிலின் வேர் அயர்லாந்தின் ஷானன் நகரில் இருக்கிறது. 1975இல் டோனி ரயன் அங்கு தொடங்கிய கின்னஸ் பீட் ஏவியேஷன் நிறுவனம்தான் விமானக் குத்தகையை ஒரு பெருந்தொழிலாக்கியது. இன்றைய பெரிய குத்தகை நிறுவனங்கள் பலவற்றின் தலைமையகம் அயர்லாந்திலேயே உள்ளது.

விமானத்தை வாடகைக்கு எடுப்பது போல எஞ்சினையும் தனியாக வாடகைக்கு எடுக்கலாம். எஞ்சினைச் சில ஆயிரம் மணித்தியாலங்கள் ஓடிய பிறகு கழற்றி, பட்டறைக்கு அனுப்பி, பழுதுபார்த்துத் திரும்பப் பெற வேண்டும். அந்த இடைவெளியில் விமானம் சும்மா நிற்கக்கூடாது என்பதற்காக வேறொரு எஞ்சினை மாட்டுவார்கள். பெரிய நிறுவனங்கள் உதிரி எஞ்சின்களைச் சொந்தமாக வைத்திருக்கும். நூறு எஞ்சின் ஓடினால் பத்து அளவில் உதிரியாக வேண்டும் என்பது இத்துறையில் நெடுங்காலமாக இருந்த பொதுவான கணக்கு. ஒரு புதிய எஞ்சினின் விலை 10 மில்லியன் டொலருக்கு மேல். அத்தனை பணத்தை முடக்க முடியாத சிறிய நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கும்.

அந்த வாடகையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று மாதாந்தக் கட்டணம். மற்றது எஞ்சின் ஓடும் மணித்தியாலத்துக்கும், ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவைக்கும் சேர்த்துவைக்க வேண்டிய பராமரிப்பு வைப்பு. எஞ்சினின் உள்ளே இருக்கும் சில வட்டுகளுக்கும் தண்டுகளுக்கும் கண்டிப்பான ஆயுள் எல்லை இருக்கிறது. உலகில் மிக அதிகம் பயன்பட்ட சி.எஃப்.எம்.56 எஞ்சினின் மையப் பாகங்களுக்கு அந்த எல்லை 20,000 பறப்புகள் அளவில். எல்லையைத் தொட்டதும் பாகம் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். ஆகவே, எஞ்சின் என்பது தேய்ந்துகொண்டே போகும் ஒரு சொத்து. எத்தனை பறப்பு மிச்சமிருக்கிறது என்பதை வைத்தே அதன் விலையும் வாடகையும் தீர்மானிக்கப்படுகின்றன.

தட்டுப்பாடு தொடங்கிய இடம்

2016இல் சேவைக்கு வந்த ஏ320 நியோ விமானங்களுக்கு இரண்டு எஞ்சின்கள் தெரிவாக இருந்தன. ஒன்று அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி தயாரிக்கும் ஜி.டி.எஃப். மற்றது அமெரிக்க ஜி.ஈ.யும் பிரான்சின் சஃப்ரானும் சரிபாதிப் பங்காளிகளாக உள்ள சி.எஃப்.எம். நிறுவனத்தின் லீப். இரண்டும் எரிபொருளை முன்னைய எஞ்சின்களை விட ஏறத்தாழ 15 வீதம் மிச்சப்படுத்தும் என்று விற்கப்பட்டன. அந்த மிச்சம் கிடைத்தது. அதற்காக எஞ்சினின் உள்வெப்பமும் அழுத்தமும் உயர்த்தப்பட்டதால் பாகங்கள் எதிர்பார்த்ததை விட விரைவில் தேய்ந்தன. தூசியும் வெப்பமும் கூடிய மத்திய கிழக்கிலும் தெற்காசியாவிலும் அது இன்னும் விரைவாக நடந்தது.

2023 ஜூலையில் பிராட் அண்ட் விட்னியின் தாய் நிறுவனமான ஆர்.டி.எக்ஸ். இன்னொரு செய்தியை வெளியிட்டது. 2015இன் இறுதிக்கும் 2021க்கும் இடையில் தயாரித்த உலோகத் தூளில் மாசு கலந்திருந்தது. அந்தத் தூளில் செய்த வட்டுகள் உரிய காலத்துக்கு முன்னரே வெடிப்புக் காணலாம். செப்டெம்பரில் கணக்கு விரிந்தது: 2026 வரையான காலத்தில் மேலதிகமாக 600 முதல் 700 எஞ்சின்களைக் கழற்ற வேண்டும், சராசரியாக 350 விமானங்கள் தரையில் நிற்கும், ஒரு எஞ்சின் இறக்கையிலிருந்து கழற்றப்பட்டுத் திரும்ப 250 முதல் 300 நாட்கள் ஆகும்.

லீப் எஞ்சினுக்கு இப்படி ஒரு பெரும் திருப்பி அழைப்பு வரவில்லை. ஆனாலும் அதன் உயர் அழுத்தச் சுழலியின் அலகுகள் வெப்பமான நாடுகளில் விரைவாகத் தேய்ந்ததால் எஞ்சின்கள் அடிக்கடி பட்டறைக்குப் போயின. மேம்படுத்திய பாகத் தொகுதிக்கு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி 2024 டிசம்பரில்தான் கிடைத்தது. ஸ்ரீலங்கனின் நியோ விமானங்களில் இருப்பது இந்த லீப் எஞ்சின்தான்.

கொவிட் காலத்தில் பட்டறைகள் ஆட்குறைப்புச் செய்திருந்தன. அனுபவமுள்ள தொழில்நுட்பவியலாளர்கள் வேறு தொழில்களுக்குப் போயிருந்தார்கள். வார்ப்புப் பாகங்கள் செய்யும் ஆலைகள் தடுமாறின. பயணிகள் திரும்பி வந்த வேகத்துக்கு இவை எதுவும் ஈடுகொடுக்கவில்லை. புதிய விமானங்களுக்கு எஞ்சின் கொடுப்பதா, பழுதடைந்த விமானங்களுக்கு உதிரி எஞ்சின் கொடுப்பதா என்று உற்பத்தியாளர்களே தடுமாறும் நிலை வந்தது.

விமானத்தை உடைத்து எஞ்சினை எடுப்பது

பழைய விமானங்களை உடைத்துப் பாகங்களை விற்பது புதிதல்ல. இருபது, இருபத்தைந்து ஆண்டு ஓடிய விமானத்தின் பெறுமதியில் பெரும்பகுதி அதன் எஞ்சின்களில்தான் இருக்கும். புதியது என்னவென்றால், பத்து ஆண்டு கூட ஆகாத ஏ320 நியோ விமானங்களும் உடைக்கப்படத் தொடங்கியிருப்பது. அவற்றின் இரண்டு எஞ்சின்களையும் தனித்தனியாக வாடகைக்கு விட்டால் கிடைக்கும் வருமானம், முழு விமானத்தையும் குத்தகைக்குக் கொடுத்தால் வருவதை நெருங்குகிறது. மீதி உடலை உதிரிப்பாகமாக விற்கலாம். உரிமையாளருக்கு அது நல்ல கணக்கு. விமானத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கும் உலகில், நல்ல விமானங்கள் கழிவு முற்றத்துக்குப் போகின்றன.

இரண்டாவது போக்கு, பழைய எஞ்சின்களுக்கு மறுவாழ்வு. சி.எஃப்.எம்.56, வி2500 போன்ற முன்னைய தலைமுறை எஞ்சின்கள் இந்நேரம் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்க வேண்டியவை. புதியவை நின்றதால் பழையவை தொடர்ந்து ஓடுகின்றன. இன்னும் சில ஆயிரம் பறப்புகள் மட்டும் மிச்சமுள்ள எஞ்சினைக் கூட வாடகைக்கு எடுத்து, அந்த ஆயுள் தீரும்வரை ஓட்டித் திருப்பிக் கொடுக்கிறார்கள். பட்டறையில் காத்திருந்து பல மில்லியன் டொலர் செலவிடுவதை விட அது சில நிறுவனங்களுக்கு இலாபம்.

தட்டுப்பாடு ஆபத்தையும் கொண்டுவந்தது. 2023இல் லண்டனைத் தளமாகக் கொண்ட ஏ.ஓ.ஜி. டெக்னிக்ஸ் என்ற நிறுவனம் போலி ஆவணங்களுடன் சி.எஃப்.எம்.56 பாகங்களை விற்றது அம்பலமானது. உலகின் பல நிறுவனங்கள் நூற்றுக்கு மேற்பட்ட எஞ்சின்களைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. பாகம் கிடைக்காத சந்தையில்தான் இப்படியான வியாபாரம் நடக்கும்.

மூன்றாவது போக்கு, நிதிச்சந்தையின் வருகை. அமெரிக்காவின் வில்லிஸ் லீஸ் போன்ற நிறுவனங்கள் தங்களிடமுள்ள பல எஞ்சின்களை ஒரு தொகுதியாக்கி, அவற்றின் வாடகை வருமானத்தை ஆதாரமாகக் காட்டிப் பிணைமுறிகளை விற்கின்றன. ஓய்வூதிய நிதிகளும் காப்புறுதி நிறுவனங்களும் வாங்கக்கூடிய ஒரு முதலீடாக விமான எஞ்சின் மாறிவிட்டது. வாடகை உயர்வது அந்த முதலீட்டாளருக்கு நல்ல செய்தி.

செய்பவரும் திருத்துபவரும் வாடகைக்கு விடுபவரும்

இந்தச் சந்தையில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்: எஞ்சினைத் தயாரிக்கும் நிறுவனங்களே அதைத் திருத்தும் நீண்டகால ஒப்பந்தங்களையும் வைத்திருக்கின்றன, உதிரி எஞ்சின் வாடகைக்கு விடும் கிளைகளையும் வைத்திருக்கின்றன. ஷானன் எஞ்சின் சப்போர்ட் என்ற எஞ்சின் குத்தகை நிறுவனம் சி.எஃப்.எம்.இன் சொந்த நிறுவனம். ரோல்ஸ் ரொய்ஸ் ஜி.ஏ.டி.எக்ஸ். நிறுவனத்துடன் சரிபாதியாக ஒரு எஞ்சின் குத்தகை நிறுவனத்தை நடத்துகிறது.

பறக்கும் மணித்தியாலத்துக்குப் பணம் கட்டினால் பராமரிப்பை உற்பத்தியாளரே பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாடு 1962இல் பிரித்தானியாவில் வைப்பர் எஞ்சினுக்காகத் தொடங்கியது. விமான நிறுவனத்துக்கு அது ஒரு காப்புறுதி போல. ஆனால் பட்டறை, பாகங்கள், உதிரி எஞ்சின் எல்லாம் ஒரே கையில் சேரும்போது பேரம் பேசும் வலிமை குறைகிறது. இதைப் பற்றி அயாட்டா 2016இல் சி.எஃப்.எம்.முக்கு எதிராக ஐரோப்பிய ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தது. 2018இல் சுயாதீனப் பட்டறைகளுக்கும் பாகங்களுக்கும் இடம்விடும் உடன்பாடு ஒன்றுக்குப் பிறகே அந்த முறைப்பாடு மீளப்பெறப்பட்டது.

பிழை உற்பத்தியாளருடையது என்றால் இழப்பீடு கிடைக்காதா? கிடைக்கிறது, பெரிய வாடிக்கையாளர்களுக்கு. அமெரிக்காவின் ஸ்பிரிட் எயார்லைன்ஸ் பிராட் அண்ட் விட்னியிடமிருந்து 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை பெறுமதியான கடன்வரவு கிடைக்கும் என்று 2024 மார்ச்சில் அறிவித்தது. அப்படியும் அதே ஆண்டு நவம்பரில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. எஞ்சின் மட்டுமே அதன் பிரச்சினையல்ல. ஆனால் இருநூறு மில்லியன் டொலர் இழப்பீடு கூட ஒரு பலவீனமான நிறுவனத்தைத் தாங்கிப்பிடிக்கப் போதவில்லை.

அயல்வீட்டுப் பாடம்

நமக்கு மிக அருகில் நடந்தது இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் கதை. அந்த நிறுவனம் தன் ஜி.டி.எஃப். எஞ்சின்கள் தொடர்ந்து பழுதாவதாகச் சொல்லி சிங்கப்பூரில் நடுவர் மன்றம் சென்றது. 2023 மார்ச்சில் அவசர நடுவர், ஏப்ரல் 27க்குள் குறைந்தது பத்து உதிரிக் குத்தகை எஞ்சின்களையும், அதன்பின் டிசம்பர் வரை மாதம் பத்து எஞ்சின்களையும் கொடுக்குமாறு பிராட் அண்ட் விட்னிக்கு உத்தரவிட்டார். எஞ்சின்கள் வரவில்லை. கோ ஃபர்ஸ்ட் நீண்டகாலமாகவே பணம் செலுத்தத் தவறிவந்தது என்பது உற்பத்தியாளரின் பதில். மே 2ஆம் திகதி கோ ஃபர்ஸ்ட் தானாகவே வங்குரோத்து விண்ணப்பம் செய்தது. 54 விமானங்கள் கொண்ட நிறுவனம் அடுத்த நாளிலிருந்து பறக்கவில்லை. 2025 ஜனவரியில் அதை முற்றாகக் கலைக்க உத்தரவு வந்தது.

அதே எஞ்சினை வைத்திருந்த இண்டிகோவிலும் 70க்கு மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன. ஆனால் அது வீழவில்லை. அதன் கையில் பணம் இருந்தது. நூற்றுக்கணக்கான விமானங்களுக்கான கட்டளைகள் இருந்தன. இழப்பீடு பேசும் பலம் இருந்தது. வேறு விமானங்களைக் குத்தகைக்கு எடுத்துச் சமாளித்தது. ஒரே பழுது ஒருவரைக் கொன்றது, இன்னொருவருக்குச் செலவாக முடிந்தது.

ஸ்பைஸ்ஜெட் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. வாடகை பாக்கி வைத்ததால், 2024 ஓகஸ்டில் டில்லி உயர் நீதிமன்றம் மூன்று எஞ்சின்களை நிறுத்தி உரிமையாளர்களிடம் ஒப்படைக்குமாறு அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

குத்தகை நிறுவனங்களின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். கோ ஃபர்ஸ்ட் வங்குரோத்தானபோது தங்கள் விமானங்களை மீட்க அவர்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. டில்லி உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில்தான் வழிவிட்டது. 2022இல் உக்ரேன் போரோடு நூற்றுக்கணக்கான குத்தகை விமானங்கள் ரஷ்யாவில் சிக்கின. ஆபத்து கூடிய நாட்டுக்கு வாடகையும் முற்பணமும் கூடும் என்பது அவர்களின் கணக்கு. அதனால்தான் இந்தியா 2025இல் கேப்டவுன் உடன்படிக்கையைச் சட்டமாக்கி, சொத்தை விரைவாக மீட்கலாம் என்ற உறுதியை அவர்களுக்குக் கொடுத்தது.

கட்டுநாயக்கவில் இதன் பொருள்

இந்தச் சந்தையில் கடன் தகுதி இல்லாதவர் கடைசி வரிசையில் நிற்கிறார். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திய நாட்டின் அரச விமான நிறுவனம் அந்த வரிசையில் எங்கே நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்ரீலங்கன் அரச உத்தரவாதத்துடன் வெளியிட்ட 175 மில்லியன் டொலர் பிணைமுறியும் அந்த நெருக்கடியில் சிக்கிக்கொண்டது. அப்படிப்பட்ட வாடிக்கையாளரிடம் எஞ்சின் உரிமையாளர் கேட்பது முற்பணம், கூடிய வாடகை, கூடிய வைப்பு.

விமானம் தரையில் நின்றாலும் அதன் குத்தகைப் பணம் நிற்பதில்லை. நின்ற விமானத்துக்கு வாடகை, மாற்று எஞ்சினுக்கு வாடகை, அதுவும் கிடைக்காவிட்டால் விமானியோடும் பணியாளரோடும் முழு விமானத்தையும் வேறொரு நிறுவனத்திடமிருந்து எடுப்பதற்கு வாடகை என்று ஒரே இருக்கைக்கு இரண்டு தடவை டொலரில் பணம் போகிறது. தனியார் நிறுவனம் என்றால் கோ ஃபர்ஸ்ட் போல மூடப்பட்டிருக்கும். அரச நிறுவனம் என்பதால் அந்த இடைவெளியைத் திறைசேரி நிரப்புகிறது. திறைசேரி என்றால் விமானமே ஏறாதவர்களும் அரிசிக்கும் எரிபொருளுக்கும் செலுத்தும் வரி.

இலங்கையின் பழைய பிழைகள் இதில் எரிந்த வீட்டுக்கு எண்ணெய் ஊற்றியவை. 2013இல் செய்த எயார்பஸ் கொள்வனவு தொடர்பான இலஞ்ச விவகாரம், 2020 ஜனவரியில் எயார்பஸ் பிரித்தானியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளுடன் 3.6 பில்லியன் யூரோவுக்குச் செய்துகொண்ட தீர்வில் இடம்பெற்றது. ஏ350 விமானங்களின் குத்தகையை 2016இல் இரத்துச் செய்வதற்கு மட்டும் 100 மில்லியன் டொலர் அளவில் செலுத்த நேர்ந்தது. ஒரு விமானமும் வராமல் போன பணம் அது. அந்தப் பணத்தில் எத்தனை உதிரி எஞ்சின்கள் வாங்கியிருக்கலாம் என்ற கணக்கை வாசகரே போட்டுப் பார்க்கலாம்.

இனிக் கேட்க வேண்டியவை

தட்டுப்பாடு நிரந்தரமானதல்ல. பிராட் அண்ட் விட்னியின் மேம்படுத்திய ஜி.டி.எஃப். எஞ்சின் 2025இல் அமெரிக்க அனுமதி பெற்றது. லீப் எஞ்சினுக்கான புதிய பாகங்கள் பட்டறைகளுக்கு வருகின்றன. புதிய பட்டறைகளும் திறக்கப்படுகின்றன. சில ஆண்டுகளில் வாடகை இறங்கத் தொடங்கும். அப்போது அதிகம் பாதிக்கப்படுவோர், உச்ச விலையில் நீண்டகால ஒப்பந்தம் எழுதியவர்கள். இலங்கைக்கு இப்போதுள்ள உடனடி ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். 2024இல் தனியார்மயமாக்கும் முயற்சி பயனளிக்காமல் போய், புதிய அரசாங்கம் நிறுவனத்தை அரச உடைமையாகவே வைத்திருக்க முடிவு செய்தது. விமானத் தொகுதியைப் பெருக்க வேண்டிய தேவை அதற்கு இருக்கிறது. வாங்குபவருக்குச் சாதகமில்லாத காலத்தில் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆகவே, அடுத்த விமானம் கட்டுநாயக்கவில் இறங்கி நீர்த்தாரை வரவேற்புப் பெறும் படத்தை வெளியிடுவதற்கு முன்னர், ஊடகங்களும் பாராளுமன்றத்தின் கோப் குழுவும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். எஞ்சின் பராமரிப்பு ஒப்பந்தம் யாருடன், எத்தனை ஆண்டுக்கு? பட்டறையில் தாமதமானால் உற்பத்தியாளர் உதிரி எஞ்சின் தரக் கடமைப்பட்டவரா, அல்லது நாமே சந்தையில் தேட வேண்டுமா? விமானம் எஞ்சின் இல்லாமல் நின்றால் குத்தகைப் பணம் குறையுமா? பராமரிப்பு வைப்பாகச் செலுத்தும் டொலர்கள் எந்த நிபந்தனையில் திரும்ப வரும்? கடந்த மூன்று ஆண்டுகளில் எஞ்சின் இல்லாமல் நின்ற நாட்களுக்கு ஸ்ரீலங்கன் பெற்ற இழப்பீடு எவ்வளவு?

வர்த்தக இரகசியம் என்ற பதில் வரும். குத்தகை ஒப்பந்தங்களில் இரகசியக் கட்டுப்பாடு இருப்பது உண்மைதான். ஆனால் பொதுப்பணத்தில் செலுத்தும் மொத்தத் தொகையையும், பெற்ற இழப்பீட்டையும் சொல்வதால் எந்தப் பேரமும் கெட்டுப்போவதில்லை. தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 முதல் இந்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அரச நிறுவனங்கள் அதன் கீழ் வருகின்றன.

ஸ்ரீலங்கனை விற்பதா வைத்திருப்பதா என்று நாம் பல ஆண்டுகளாக விவாதிக்கிறோம். யார் உரிமையாளரானாலும், இறக்கையின் கீழே தொங்கும் எஞ்சினுக்கான ஒப்பந்தத்தைப் பலவீனமான நிலையில் நின்று எழுதினால் முடிவு ஒன்றுதான். அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் இன்னும் பொதுவெளிக்கு வரவில்லை. விவாதத்தை அங்கிருந்து தொடங்குவது நல்லது.